ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்க காமிக்ஸ்: வசனம் முதலில், படம் பிறகு

முதன்முதலாக காமிக்ஸ் வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் நாயகனின் முகத்தை அழகாகத் தீட்டி முடித்துவிட்டு, அப்புறம் வசனத்துக்கு இடம் தேடுவார்கள். கிடைக்காது. வசனத்தைச் சுற்றி வரையும் பலூன் நாயகனின் காதை மறைக்கும், கடைசி வரி கட்டத்தை விட்டு வழியும். தமிழில் இது இன்னும் மோசம். சொற்கள் நீளமானவை, கொம்பும் துணைக்காலும் பக்கவாட்டில் இடம் கேட்கும், ‘கி’யின் வளைவு மேலே கேட்கும், ‘மூ’வின் சுழி கீழே கேட்கும். அதனால் இங்கே வரிசை இப்படி: வசனம், பலூன், அதன் பிறகே படம்.

வேண்டியவை: 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் நான்கைந்து, எச்பி பென்சில், 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், ரப்பர், கத்தரிக்கோல், தண்ணீரில் கரையாத மையுள்ள டிராயிங் பேனா 0.3, 0.5 அளவுகளில் ஒவ்வொன்று. பால்பாயின்ட் வேண்டாம், கடைசியில் நகலெடுக்கும்போது ஜெராக்ஸில் கோடு விட்டுவிட்டு விழும். ஜெல் பேனா ரப்பர் பட்டால் இழுபடும்.

படி 1: ஒரு கதையைப் பிரித்துப் படியுங்கள்

கையில் இருக்கும் பழைய இதழ் எதுவானாலும் சரி. இரும்புக்கை மாயாவி இருந்தால் நல்லது. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இந்த நாயகன், பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-இல் தொடராகத் தொடங்கியவன். வாரத்துக்குச் சில பக்கங்கள்தான். அதற்குள் கதையை ஓர் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் வாசகர் அடுத்த வாரமும் வாங்குவார். முழுநீளக் கதையாகப் படிக்கும்போது, சில பக்கங்களுக்கு ஒருமுறை மாயாவி எதிலாவது மாட்டிக்கொள்வது அதனால்தான். அந்த இடங்களின் பக்க எண்ணைத் தனித்தாளில் குறியுங்கள். (புத்தகத்தில் கிறுக்கச் சொன்னால் சேகரிப்பாளர்கள் சண்டைக்கு வருவார்கள்.) கூடவே ஐந்து பக்கங்களில் ஒவ்வொரு பலூனிலும் எத்தனை சொற்கள் என்று எண்ணுங்கள். உங்கள் வசனத்தை எந்த அளவுக்கு வெட்ட வேண்டும் என்பது அப்போதே பிடிபடும்.

படி 2: மாதிரி மடிப்பு

தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். மேல் விளிம்பு கீழ் விளிம்பைத் தொட ஒருமுறை மடித்துப் பிரியுங்கள். இடது விளிம்பு வலது விளிம்பைத் தொட மடித்து, அதையே மீண்டும் பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 74 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரம்.

இப்போது இடது-வலதாக ஒரே ஒரு மடிப்பு மட்டும் மடியுங்கள். மடிந்த பக்கத்திலிருந்து, படுக்கைக் கோட்டின் மேலேயே, அடுத்த செங்குத்து மடிப்பு வரை வெட்டுங்கள். அதைத் தாண்டினால் தாள் இரண்டாகப் பிரிந்துவிடும். பிரித்து, நீளவாக்கில் பாதியாக மடித்து, இரு முனைகளையும் நடுவை நோக்கித் தள்ளினால் வெட்டு விரிந்து கூட்டல் குறி போல நிற்கும். ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் புத்தகம்.

பக்க எண்கள் போட்டு மறுபடி பிரித்துப் பாருங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1. மேல் வரிசையில் 5, 4, 3, 2. இவை நான்கும் தலைகீழாக இருக்கும். இந்த மாதிரியில் வரையாதீர்கள், மடிப்புத் தடம் ஜெராக்ஸில் சாம்பல் கோடாக விழும். மடிக்காத இன்னொரு தாளில் கோடுகளை மெல்லிய பென்சிலில் அளந்து போடுங்கள்.

படி 3: திருப்பத்தைத் திருப்பும் இடத்தில் வையுங்கள்

1 முன்அட்டை, 8 பின்அட்டை. 2-3, 4-5, 6-7 ஜோடியாகக் கண்ணில் படும். அதனால் அதிர்ச்சியை 3-இலோ 5-இலோ வைத்தால், பக்கம் திறந்த உடனேயே கண் அங்கே ஓடிவிடும். கேள்வி 3-இன் கடைசிக் கட்டத்தில், பதில் 4-இன் முதல் கட்டத்தில். முடிவைப் பின்அட்டையில் போட வேண்டாம். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாலே கதை முடிந்துவிடும்.

படி 4: எழுத்து

ஒவ்வொரு பக்கத்தின் நான்கு ஓரங்களிலும் 6 மி.மீ. விளிம்பு விடுங்கள்; ஜெராக்ஸ் இயந்திரம் தாளின் ஓரத்தை விட்டுத்தான் அச்சடிக்கும். மீதி 62 × 93 மி.மீ. நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டு மூன்று கிடைக் கட்டங்கள் போட்டால் ஒவ்வொன்றும் 29 மி.மீ. உயரம். அதில் படத்துக்கும் இடம் வேண்டுமென்றால் மூன்று வரி, வரிக்குப் பத்து எழுத்து, அதாவது ஐந்தாறு சொற்கள். பக்கத்துக்கு இரண்டே கட்டம் என்றால் எட்டு, பத்துச் சொற்கள் வரை தாங்கும்.

எழுத்தின் உடல் (மேல் வளைவும் கீழ்ச் சுழியும் நீங்கலாக) 2.5 மி.மீ. உயரம், வரிக்கு வரி 5 மி.மீ. இதைக் குறைத்தால் மேல்வரியின் ‘மூ’ கீழ்வரியின் ‘கி’யோடு மோதும். பலூனை வரைந்து அதற்குள் எழுத்தைத் திணிக்காதீர்கள். நடுவரி நீளமாக இருக்கும்படி எழுதி முடித்து, 2 மி.மீ. தள்ளிச் சுற்றிக் கோடு போடுங்கள். முதலில் பேசுபவரின் பலூன் இடதுபுறம் மேலே இருக்கட்டும். வால் பேசுபவரின் வாயை நோக்கிப் போய், சற்று முன்பே நிற்கட்டும்.

நீளச் சொல்லை உடைக்க நேர்ந்தால் பொருள் தரும் துண்டு முடியும் இடத்தில் உடையுங்கள்: ‘கண்டுபிடித்து / விட்டான்’. புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரவே கூடாது. ‘கண்டுபிடிச்சுட்டான்’ என்று பேச்சுவழக்கில் எழுதினால் பெரும்பாலும் உடைக்கவே தேவையிருக்காது.

கணினியில் எழுத்திடுபவர்கள் யூனிகோட் எழுத்துருவையே எடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் பாலூ தம்பி சிறிய அளவிலும் தெளிவாக இருக்கும். கொம்பு இடம் மாறினாலோ புள்ளிகளாலான வட்டம் ஒன்று நடுவே தெரிந்தாலோ எழுத்துரு மேல் பழி போடாதீர்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ தேர்வு செய்யப்படாததே பெரும்பாலும் காரணம்.

படி 5: படம், மை, நகல்

மீதமிருக்கும் இடத்தில் பென்சில் படம். எழுத்துக்கு 0.3, கட்டக் கோட்டுக்கும் உருவத்தின் வெளிக்கோட்டுக்கும் 0.5. மை போட்டுப் பதினைந்து நிமிடமாவது காயவிட்டு ரப்பர் எடுங்கள். பெரிய கறுப்புப் பரப்பு ஜெராக்ஸில் திட்டுத்திட்டாக வெளுக்கும். அங்கே நெருக்கமான சாய்கோடுகள் பாதுகாப்பானவை.

கடையில் ‘நூறு சதவீத அளவு, ஒரு பக்கம்’ என்று கேளுங்கள். ஸ்கேன் செய்து அச்சடித்தால் ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வை எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் படம் சுருங்கி, கட்டக் கோடும் மடிப்பும் பொருந்தாமல் போகும். ஒரே ஒரு நகல் எடுத்து அங்கேயே மடித்துப் பாருங்கள். 2 முதல் 5 வரை ஏதாவது பக்கம் தலைகீழாக நின்றால், அதை மட்டும் வேறு துண்டுத் தாளில் நகலெடுத்து, சரியான திசையில் மூலத்தின் மேல் ஒட்டுங்கள். அதன் பிறகு இருபது நகல் சொல்லலாம்.