பில் குவியும் நேரத்தில் போஸ்ட்கிரெஸ் நின்று நின்று ஓடினால்

எபேனில் நான் பார்த்துக்கொள்வது, கடைகளின் பில் எல்லாம் வந்து விழும் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர். டிசம்பரில் ஆண்டிறுதி போனஸ் கைக்கு வந்ததும் மொரீஷியஸ் முழுக்கக் கடைகள் நிரம்பும். இந்தத் தொல்லையும் அப்போதுதான் வரும். நாலைந்து விநாடி ஒரு பில்லும் பதிவாகாது. நாம் லாகின் செய்வதற்குள் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். நிமிடச் சராசரி கிராஃபிலும் எதுவும் தெரியாது. நெட்வொர்க் ஆட்கள் மேல் பழி போட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது!

அதனால் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியை (pg_stat_activity) விநாடிக்கு ஒரு முறை படித்து, எந்த செஷன், அதாவது எந்த இணைப்பு, எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கோப்பு வேறு டிஸ்க்கில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். நேரத்திலும் கவனம் வேண்டும். கடைக்காரர் மாலை 6:40 என்பது, உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடும் சர்வர் லாகில் 14:40.

பல செஷன்களும் டபிள்யூஏஎல் (WAL, மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) எழுதவோ, எழுதியது டிஸ்க்கில் உறுதியாக இறங்கும் சிங்க் முடியவோ காத்திருந்தால் செக்பாயிண்ட்டைச் சந்தேகப்படுங்கள். மெமரியில் மாறிய பக்கங்களை அவ்வப்போது டிஸ்க்கில் சேர்க்கும் வேலை அது. போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பு முதல் அது தானாகவே லாகில் பதிவாகிறது. பழையதில் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். செக்பாயிண்ட் முடிந்ததைச் சொல்லும் வரியில் 'ரைட்' நேரம் பல நிமிடம் இருந்தாலும் பயப்படாதீர்கள், வேலையைப் பரப்பிச் செய்வதால் அப்படி. பார்க்க வேண்டியது 'சிங்க்'. அது நாலு விநாடி என்று இருந்து, பில் நின்ற நேரத்தோடு பொருந்தினால் ஆள் அகப்பட்டான்.

செக்பாயிண்ட் தொடக்க வரியில், நேரம் வந்ததால் தொடங்கியது என்னும் 'டைம்' என்பதற்குப் பதில், டபிள்யூஏஎல் நிறைந்ததால் தொடங்கியது என்னும் 'வால்' (wal) என்று அடிக்கடி வந்தால், அதற்கு அளவு வைக்கும் மேக்ஸ் வால் சைஸ் (max_wal_size) போதவில்லை. இயல்பாக இருப்பது 1 ஜிபிதான். ஒவ்வொரு செக்பாயிண்ட்டுக்குப் பிறகும், ஒரு பக்கம் முதல் தடவை மாறும்போது அந்த 8 கேபி பக்கம் முழுதும் டபிள்யூஏஎல்லில் ஏறும். செக்பாயிண்ட் கூடக் கூட எழுத்தும் கூடும். தாராளமாக உயர்த்துங்கள். சர்வர் விழுந்தால் எழுந்திருக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். சிங்க் அப்படியும் குறையவில்லையா? லினக்ஸ் தன் மெமரியில் எழுத்தைக் குவித்துவிட்டு மொத்தமாகக் கொட்டுகிறது. எவ்வளவு குவிந்ததும் பின்னணியில் எழுதத் தொடங்கலாம் என்று சொல்லும் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸை (dirty_background_bytes) 256 எம்பி அளவுக்கு இறக்கிப் பாருங்கள்.

சிங்க் சுத்தமாக இருந்தும் நிற்கிறதென்றால் அப்புறம் பூட்டுதான், அதாவது ஒரு செஷன் டேபிளைப் பிடித்து வைத்திருக்க மற்றவை காத்திருப்பது. ஒரு நீண்ட ரிப்போர்ட் ஓடும்போது யாராவது டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை கொடுத்தால், அது ரிப்போர்ட்டுக்குப் பின்னால் நிற்கும்; பில்லெல்லாம் அதற்குப் பின்னால் நிற்கும். யார் மறிக்கிறார் என்பதை பிஜி பிளாக்கிங் பிட்ஸ் (pg_blocking_pids) சொல்லும். ஆல்டர் கொடுப்பவரிடம், முதலில், பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்னும் லாக் டைம்அவுட்டை 2 விநாடி என்று வைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.