லைன் கேட்டு வாங்குங்கள்: விற்பனைத் துறைக்கு வரும் பெண்களுக்கு

விற்பனை வேலைக்கு நேர்காணலுக்குப் போகும் பெண்ணிடம் அன்பாகவே சொல்வார்கள்: "வெயிலில் எதற்கம்மா அலைய வேண்டும்? ஆபீஸில் உட்கார்ந்து ஆர்டர் பதிவு செய்யுங்கள்." சம்மதிக்காதீர்கள். மதுரையில் ஜவுளிக்கடை கவுன்டரில் தொடங்கி, மசாலா, பிஸ்கட், சோப்பு என்று மளிகைக் கடைகளுக்கு லைன் (கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் சுற்று) போய், இன்று இரண்டு மாவட்டங்களின் விற்பனையைப் பார்க்கிறேன். இந்தத் துறையில் பதவி உயர்வு பற்றிப் பேச்சு வரும்போது முதலில் கேட்கப்படுவது, எந்த ஏரியா உங்கள் பெயரில் இருந்தது, அது எவ்வளவு வளர்ந்தது என்பதுதான். ஆபீஸில் இருந்தவருக்கு அதற்குப் பதில் இருக்காது. முதல் நாளே லைன் கேளுங்கள்.

கவுன்டரில் வேலை செய்பவர்கள் தங்களுக்கு அனுபவம் இல்லை என்று தயங்க வேண்டாம். சேலையை விரித்ததும் வாடிக்கையாளரின் கை முந்தானைக்குப் போகிறதா, விலைச்சீட்டுக்குப் போகிறதா என்று கவனித்தவருக்கு ஆளைப் படிக்கத் தெரியும். அது பெரிய முதல். (கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. உங்கள் கடையில் இன்னும் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.)

வேலையில் சேரும் முன் கடிதத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். யார் பெயரில் கடிதம் வந்திருக்கிறது? பெரிய நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு, சம்பளம் மட்டும், கம்பெனிச் சரக்கை வாங்கிக் கடைகளுக்கு விற்கும் டிஸ்ட்ரிபியூட்டரிடமோ ஆள் அனுப்பும் ஏஜென்சியிடமோ வாங்குவோர் ஏராளம். பி.எஃப். பிடிக்கிறார்களா? பெட்ரோல் படி கிலோமீட்டருக்கா, நாளுக்கா? அடுத்து, அந்த ஏரியாவின் கடந்த ஆறு மாத விற்பனையைக் கேளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து கடைகளுக்குப் போன கணக்கு வேண்டும். கம்பெனியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வந்த கணக்கைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அதில் குடோனில் தேங்கிக் கிடக்கும் சரக்கும் சேர்ந்திருக்கும். அந்த எண்ணை வைத்து டார்கெட் போட்டால் ஊக்கத்தொகை கண்ணால்கூடக் காணக் கிடைக்காது.

இனி கடை. போணி ஆகும் முன் பாக்கி கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை பணம் கொடுக்காத கடைகளையும், விளக்கு வைத்த பிறகு கல்லாவைத் திறக்காத கடைகளையும் தனியே குறித்து வையுங்கள். இதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் வராது. இரண்டு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும்.

கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி: "இதில் எனக்கு என்ன நிற்கும்?" அதற்கு ரூபாயில் பதில் சொல்லுங்கள். பத்து ரூபாய் பாக்கெட் 24 கொண்ட பெட்டி 216 ரூபாய் என்று வையுங்கள். சாதாரணமாக அவருக்கு 24 ரூபாய் நிற்கும். பெட்டிக்கு இரண்டு பாக்கெட் இலவசம் என்று ஸ்கீம் வந்தால் 26 பாக்கெட் விற்று 260 ரூபாய் வரும், 44 ரூபாய் நிற்கும். "அண்ணாச்சி, போன வாரம் பெட்டிக்கு 24 நின்றது, இந்த வாரம் 44 நிற்கும்" என்று சொல்லிப் பாருங்கள். சதவீதம் பேசுகிறவரைவிட உங்களுக்கு முன்னால் ஆர்டர் வரும். கணக்கு நாக்கு நுனியில் இருக்க வேண்டும். கால்குலேட்டரைத் தேடும் நேரத்தில் அவர் அடுத்த வாடிக்கையாளருக்குப் பருப்பு நிறுக்கப் போய்விடுவார்.

நம்பிக்கை வருவது காலாவதிச் சரக்கில். முந்தைய ஆள் எடுக்காமல் விட்ட பாக்கெட்டுகளை எண்ணி, எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி, டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேசி ஈடு வாங்கிக் கொடுங்கள். அந்தக் கடை அதற்குப் பிறகு உங்கள் கடை. அதே காரணத்துக்காக, மாதக் கடைசியில் டார்கெட்டை முடிக்கக் கடைக்காரர் தலையில் சரக்கைக் கட்டாதீர்கள், மேலாளர் எவ்வளவு நெருக்கினாலும் சரி. மூன்று மாதத்தில் அது காலாவதிப் பெட்டியாகத் திரும்பி வரும்.

வசூலை ஆண்களிடம் ஒப்படைக்கச் சொல்வார்கள். விடாதீர்கள். பாக்கி யார் கையில் இருக்கிறதோ, கடையும் அவர் கையில்தான். ரொக்கம் சுமக்கத் தயக்கம் என்றால் யுபிஐ மூலம் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் போடச் சொல்லுங்கள். பில்லில் தேதியும் தொகையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கழிப்பறைக்காகத் தண்ணீர் குடிக்காமல் லைன் போகும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சிறுநீர்த் தொற்று வந்து நல்ல விற்பனையாளர்கள் வேலையை விட்டிருக்கிறார்கள். லைனை வகுக்கும்போதே பெட்ரோல் பங்க், மருத்துவமனை, குடும்பத்தோடு நடத்தும் கடை ஆகியவற்றைக் குறித்து, அவற்றை ஒட்டிக் கடை வரிசையை அமையுங்கள். என் குழுவில் புதிதாக வருபவருக்குக் கடைப் பட்டியலோடு இந்தப் பட்டியலையும் கொடுக்கிறேன்.

யாராவது எல்லை மீறினால், அது கடையில் நடந்தது, கம்பெனியில் இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை நிமித்தம் நீங்கள் போகும் எந்த இடமும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாத சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். அந்தக் கடை இல்லாவிட்டால் டார்கெட் குறையுமே என்று யோசிக்கவே வேண்டாம். கடையை லைனிலிருந்து நீக்கி, டார்கெட்டைக் குறைத்துத் தரும்படி கேளுங்கள். குறைத்துத் தருவது மேலாளரின் வேலை.

பல பெண்கள் ஏரியாவை இழப்பது பிரசவ விடுப்பில். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு உண்டு. திரும்பி வரும்போது "இப்போதைக்கு ஆபீஸில் இருங்கள்" என்பார்கள். விடுப்புக்குப் போகும் முன்பே கடைப் பட்டியல், ஒவ்வொரு கடையின் பாக்கி, கடைசி மூன்று மாத விற்பனை மூன்றையும் மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, இதே லைனுக்குத்தான் திரும்புவேன் என்று எழுதிப் பதில் வாங்கிவிடுங்கள். ஒரு நகலை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்திருங்கள்.