முதல் ஒத்திகைக்கு முன் அறிய வேண்டிய மேடைச் சொற்கள்

நாடகம் பயில வரும் மாணவர் முதலில் வசப்படுத்த வேண்டியவை வலம், இடம் என்ற இரண்டு சொற்களே. பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலக்கைப் பக்கம் மேடை வலம். இடக்கைப் பக்கம் மேடை இடம். எதிரே அமர்ந்திருக்கும் இயக்குநருக்கு அது தலைகீழாகத் தெரிந்தாலும், அவரும் நடிகரின் பக்கத்தையே சொல்வார். பார்வையாளருக்கு அருகிலுள்ள பகுதி கீழ்மேடை, தொலைவிலுள்ளது மேல்மேடை. ஐரோப்பாவின் பழைய மேடைகள் பின்புறம் உயர்ந்து சரிவாக இருந்ததால் வந்த வழக்கு இது. தரை சமமாகிவிட்ட பின்னும் சொல் நிலைத்துவிட்டது. தரையில் சாக்பீஸால் ஒன்பது கட்டங்கள் வரைந்து, நண்பர் ஒருவர் "மேல் இடம்", "கீழ் வலம்", "நடு மையம்" என்று சொல்லச் சொல்ல, யோசிக்காமல் கால் போகும் வரை நடந்து பழகுங்கள்.

மூன்று பக்கம் அடைத்து, ஒரு பக்கம் மட்டும் சட்டமிட்ட படம்போலத் திறந்திருப்பது படச்சட்ட மேடை. அந்தத் திறந்த பக்கத்திலும் சுவர் இருப்பதாக எண்ணி நடிப்பதைத்தான் நான்காவது சுவர் என்கிறோம். மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியில் பார்வையாளர் சுற்றிலும் இருப்பதால் அந்தச் சுவருக்கு வேலையில்லை. மேல், கீழ் என்ற பிரிவும் அங்கே பொருந்தாது. தெருக்கூத்தில் இருவர் கையால் பிடிக்கும் திரைக்குப் பின்னிருந்தே வேடம் வெளிப்படும். திரைகளுக்கு நம்மிடம் மிகப் பழைய பெயர்கள் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து இழுப்பதை ஒருமுக எழினி என்றும், இரு பக்கங்களிலிருந்தும் வந்து கூடுவதைப் பொருமுக எழினி என்றும், மேலே மறைந்திருந்து இறங்குவதைக் கரந்துவரல் எழினி என்றும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை குறிப்பிடுகிறது. கோல் என்ற பழைய நீட்டல் அளவில் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடையின் அளவையும், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதையும் அதே காதையில் படிக்கலாம். ஒளியமைப்புப் பயில்வோர் அந்த ஓர் அடிக்காகவாவது அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

நடிகர் எந்த வசனத்தில் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்று வகுப்பதே பிளாக்கிங். அதைப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் மட்டுமே குறியுங்கள், ஏனெனில் மூன்றாம் நாள் அது மாறும். கியூ என்பது உங்கள் வசனத்தையோ அசைவையோ தொடங்கி வைக்கும் அடையாளம். எதிர் நடிகரின் கடைசிச் சொல்லாகவோ, கதவு சாத்தும் ஓசையாகவோ, விளக்கு மாற்றமாகவோ இருக்கலாம். தன் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர், எதிர் நடிகர் ஒரு வரியை விழுங்கிவிட்டால் மேடையில் திகைத்து நிற்பார். ஆகவே உங்கள் வரிக்கு முந்தைய வரியையும் சேர்த்தே படியுங்கள்.

இனி நடிப்புக்குரிய சொற்கள். மாஸ்கோ கலை அரங்கை 1898இல் நெமிரோவிச்-தான்சென்கோவுடன் சேர்ந்து நிறுவிய ரஷ்ய நடிகரும் இயக்குநருமான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, பாத்திரம் இந்தக் காட்சியில் எதை அடைய விரும்புகிறது என்ற கேள்வியை நடிகரின் கையில் கொடுத்தார். அந்த விருப்பமே நோக்கம். சொல்லுக்கு அடியில் ஓடுவது உட்பொருள். ஊருக்குக் கிளம்பப் பையோடு நிற்கும் மகனிடம், நாளிதழிலிருந்து தலை நிமிராத தந்தை, "மழை விட்டுவிட்டதா?" என்று கேட்கிறார். மகனை இன்னும் ஒரு மணி நேரமாவது நிறுத்திவைப்பது அவர் நோக்கம் என்றால் குரல் ஒருவிதமாக வரும். சீக்கிரம் அனுப்பிவிடுவது நோக்கம் என்றால் அதே வரி வேறாகிவிடும். இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். வரிக்குப் பின் மகன் பதில் சொல்லாமல் நிற்கும் நேரம் இடைமௌனம். அதுவும் நடிப்புதான், வசனம் மறந்த வெற்றிடம் அன்று. தொல்காப்பியம் கூறும் நகை, அழுகை முதலான எட்டு மெய்ப்பாடுகளும் உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைப் பற்றியவையே. ஆனால் உணர்ச்சியின் பெயரைப் பிடித்துக்கொண்டு நடிக்கத் தொடங்காதீர்கள். நோக்கத்தைப் பிடித்தால் உணர்ச்சி பின்னால் வரும் என்பதே என் அனுபவம்.

நாளிதழ், பை, குடை போன்றவை கைப்பொருள்கள். பக்கத்திரைக்குப் பின்னே ஒரு மேசையில் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்துவிடுங்கள். குடை இல்லையென்றால் வெறும் கோடு காட்டிக்கொடுக்கும். பிறர் பொருளைத் தொடக் கூடாது. பயன்படுத்தியதும் அதே கோட்டுக்குள் திரும்ப வைக்க வேண்டும்.

ஒத்திகை வாசிப்பில் தொடங்கும். பிளாக்கிங் ஒத்திகையும், ஒளி, ஒலிக்கான தொழில்நுட்ப ஒத்திகையும் அதைத் தொடரும். இறுதியில் வருவது உடை, ஒப்பனையுடன் இடையில் நிறுத்தாமல் ஓடும் உடை ஒத்திகை. தொழில்நுட்ப ஒத்திகையில் விளக்காளர் ஒரே இடத்தில் உங்களை அரைமணி நேரம் நிற்கச் சொல்லக்கூடும். அன்று வேலை அவருடையது. சொன்ன இடத்தில் நின்று, காலடியில் ஒட்டிய டேப்பின் இடத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.