‘ஹூ’ வந்த பிறகு ‘ஹிம்’ எதற்கு?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் என் வீட்டு முன்கூடத்தில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு ஆங்கில டியூசன் எடுக்கிறேன். எஸ்பிஎம் (மலேசியாவில் படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) கட்டுரைப் பயிற்சிகளில் என் சிவப்புப் பேனா அடிக்கடி நிற்கும் இடம் இது: ‘த அங்கிள் ஹூ ஐ மெட் ஹிம் அட் த மார்க்கெட்’. கெட்டிக்காரப் பிள்ளைகளும் இப்படி எழுதுகிறார்கள். காரணத்தைப் புரிந்துகொண்டால் சரிசெய்வது எளிது.

தமிழில் ‘நான் மார்க்கெட்டில் சந்தித்த அங்கிள்’ என்போம். ‘சந்தித்த’ என்ற பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயர் முதலில், விவரம் பின்னால். இடையில் ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’, இரண்டுக்கும் பொதுவாக ‘தட்’. மலாயில் ‘யாங்’ ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும்.

முதலில் இரண்டு தனி வாக்கியங்களாக எழுதுங்கள். ‘திஸ் இஸ் த அங்கிள். ஐ மெட் ஹிம் அட் த மார்க்கெட்.’ இரண்டாவது வாக்கியத்தில் அங்கிளைக் குறிக்கும் புரோநவுன் எது? ‘ஹிம்’. அதற்கு வட்டம் போடுங்கள். இப்போது அந்த ‘ஹிம்’தான் ‘ஹூ’வாக மாறி, அங்கிளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அது இருந்த இடம் காலி. காலியாகவே விடுங்கள்: ‘த அங்கிள் ஹூ ஐ மெட் அட் த மார்க்கெட்’. மறுபடி ‘ஹிம்’ எழுதினால் ஒரே ஆளை இரண்டு நாற்காலியில் உட்காரவைத்த மாதிரி.

வட்டத்துக்குள் ‘ஹீ’, ‘ஷீ’ இருந்தால் ‘ஹூ’. ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’ இருந்தால், கண்டிப்பான எழுத்து நடையில் ‘ஹூம்’. பேச்சில் ‘ஹூ’ போதும்.

இந்த ‘ஹிம்’ வகையில் இணைப்புச் சொல்லையே விட்டுவிடலாம்: ‘த அங்கிள் ஐ மெட்’. எழுவாயாக இருந்தால் விடக்கூடாது. ‘காட் ஒன் அங்கிள் செல் செண்டோல் தேர்’ என்று நண்பர்களிடம் தாராளமாகப் பேசுங்கள். கட்டுரையில் ‘தேர் இஸ் என் அங்கிள் ஹூ செல்ஸ் செண்டோல் தேர்’ என்றுதான் வரவேண்டும்.

நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். நான் சாப்பிட்ட தோசை, நான் சாப்பிட்ட தட்டு, நான் சாப்பிட்ட கடை. மூன்றிலும் ‘சாப்பிட்ட’ ஒன்றுதான். தோசையைச் சாப்பிட்டேன், தட்டில் சாப்பிட்டேன், கடையில் சாப்பிட்டேன் என்பதை நாம் தானாகவே புரிந்துகொள்கிறோம். தமிழ்ப் பெயரெச்சம் வேற்றுமை உருபை விழுங்கிவிடும். ஆங்கிலம் அதை வெளியே காட்டச் சொல்லும். ‘த ஷாப் ஐ ஏட்’ என்று எழுதினால் கடையையே தின்றதாக அர்த்தம். ‘ஐ ஏட் அட் இட்’ என்பதில் ‘இட்’ மட்டும் நகரும், ‘அட்’ நகராது: ‘த ஷாப் தட் ஐ ஏட் அட்’. இல்லாவிட்டால் ‘அட் இட்’ இரண்டையும் சேர்த்து ‘வேர்’ ஆக்குங்கள்: ‘த ஷாப் வேர் ஐ ஏட்’. ‘வேர்’ போட்ட பிறகு கடைசியில் ‘அட்’ வேண்டாம். ‘அட் விச் ஐ ஏட்’ என்றும் எழுதலாம், ‘அட் தட்’ என்று மட்டும் எழுதக்கூடாது.

அதனால் ஒவ்வொரு பெயரெச்சத்தையும் பிரித்து, உள்ளே எந்த உருபு ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள். ‘நான் பேசிய டீச்சர்’: டீச்சரோடு பேசினேன். ஆகவே ‘த டீச்சர் ஐ ஸ்போக் வித்’. ‘நான் மீன் வாங்கிய ஆள்’: அவரிடமிருந்து வாங்கினேன். ஆகவே ‘த மேன் ஐ பாட் த ஃபிஷ் ஃப்ரம்’.

‘உடைய’ ஒளிந்திருந்தால் ‘ஹூஸ்’. மலாயில் ‘புடாக் யாங் பாபாஞா கெர்ஜா டி பெலாபுஹான்’ (துறைமுகத்தில் அப்பா வேலை செய்யும் பையன்) என்பது சரியான தொடர். ‘யாங்’குக்குப் பிறகும் ‘அவனுடைய’ என்று பொருள்படும் அந்த ‘ஞா’ இருந்தே ஆகவேண்டும். அதே பழக்கத்தில் ‘த பாய் தட் ஹிஸ் ஃபாதர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஹிஸ்’ ‘ஹூஸ்’ ஆகும், அப்பாவையும் கூடவே முன்னால் கூட்டி வரும்: ‘த பாய் ஹூஸ் ஃபாதர் வொர்க்ஸ் அட் த போர்ட்’. பொருளுக்கும் ‘ஹூஸ்’ பொருந்தும்: ‘த ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்’.

எழுவாய் சுலபம், செயப்படுபொருள் கொஞ்சம் கடினம், ‘உடைய’ மிகக் கடினம் என்ற இந்த வரிசை நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு, இதே மாதிரி ஒரு படிவரிசையை 1977இல் கீனன், காம்ரி என்ற இரு மொழியியலாளர்கள் முன்வைத்தார்கள். பெற்றோர் பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் கமா. ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் ஈப்போ’ என்று கமா இல்லாமல் எழுதினால் பல சகோதரர்களில் ஈப்போவில் இருப்பவர். பினாங்கில் 1786இல் கரையிறங்கிய பிரான்சிஸ் லைட் யார் என்று பெயரே காட்டிவிடுகிறது; மற்றது கூடுதல் தகவல். ஆகவே இரு பக்கமும் கமா: ‘பிரான்சிஸ் லைட், ஹூஸ் சன் பிளான்ட் அடிலெய்ட், லேண்டட் ஹியர் இன் 1786’. இந்தக் கமாவுக்குப் பின் ‘தட்’ வராது.

பயிற்சிக்குத் தமிழ் நாளிதழில் ஒரு செய்தியை எடுத்து, பெயரெச்சங்களை மட்டும் கோடிட்டு, உருபைக் கண்டுபிடித்து, ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதலில் இதைச் செய்யுங்கள்: ‘நாங்கள் பட்டர்வொர்த் போன ஃபெரி’. ஃபெரியில் போனோம், ஆகவே ‘ஆன்’ எங்கே நிற்கவேண்டும்?