வீக்குன்னு ஒரே வார்த்தையை வெச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல உடம்பைப் பத்திப் பேசாதீங்க

எங்க வார்டுக்கு புதுசா ஊர்லேர்ந்து ரெண்டு பொண்ணுங்க வந்திருக்காங்க, நர்ஸிங்ல கெட்டிக்காரங்க, ஓஇடின்னு மருத்துவ வேலைக்காரங்களுக்கு வைக்கற இங்கிலீஷ் பரீட்சையெல்லாம் நல்ல மார்க்ல பாஸ் பண்ணிட்டுத்தான் இங்கிலாந்துக்கே வந்தாங்க. போன வாரம் டியூட்டி மாத்தும்போது அதுல ஒரு பொண்ணு "பெட் சிக்ஸ் பேஷன்ட் இஸ் வெரி வீக்"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுச்சு. எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு, ஏன்னா 11 வருஷத்துக்கு முன்னாடி இதே வாக்கியத்தை நான் சொல்லியிருக்கேன். அதனாலதான் இதை எழுதறேன்.

வாரத்துக்கும் பலவீனத்துக்கும் ஸ்பெல்லிங் மாறிப்போறதெல்லாம் எல்லாரும் சொல்லிக்கொடுக்கறாங்க, அதை விட்டுடறேன்.

"எனக்கு"ன்னு நினைச்சுட்டு "ஐ ஆம்"னு சொல்றது

தமிழ்ல "எனக்கு வீக்கா இருக்கு"ன்னா இப்போதைக்கு உடம்புல தெம்பில்லைன்னு அர்த்தம். அதையே "ஐ ஆம் வீக்"னு சொன்னா, கேக்கறவங்களுக்கு நான் ஆளே பலவீனமானவன்னு சொல்ற மாதிரியும் படலாம், மனசு திடமில்லாதவன்னு கூட எடுத்துக்கலாம். மனசுக்குள்ள "எனக்கு"ன்னு வந்தா "ஐ ஃபீல் வீக்", அவ்வளவுதான். "ஐ ஹேவ் வீக்னெஸ்"னு மொட்டையா சொல்லாதீங்க, உடம்புல எங்கன்னு சொல்லாம விட்டா அது இன்டர்வியூல கேக்கற குறை மாதிரி ஆயிடும்.

"வெரி வீக் டு வாக்"

தப்பு. "டூ வீக் டு வாக்".

எல்லாத்துக்கும் வீக்

இதுதான் எனக்கு இன்னைக்கும் ஆத்திரம் வர்ற தப்பு, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நான் வேலைக்குச் சேந்து நாலாவது மாசம். எங்க வார்டுல ஒரு பாட்டி, எழுபத்தெட்டு வயசு, தினமும் காலைல டீ கொடுத்தா வலது கைல கப்பைப் புடிச்சுக்கிட்டு பேரன் கதை சொல்லிட்டே குடிப்பாங்க. அன்னைக்கு டிஃபன் முடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சு நான் போய்ப் பாக்கறேன், பாதி டீ சாஸர்ல கிடக்கு, கப்பு காதுல விரல் நுழைச்சிருக்கு ஆனா விரல் இறுக்கிப் புடிக்கல. "மை ஹேண்ட் ஹேஸ் கான் ஆல் வீக், லவ்"னாங்க, கைல வலுவே இல்லாமப் போச்சுன்னு. நான் துடைச்சு விட்டுட்டு டாக்டருக்கு போன் பண்ணி என்ன சொன்னேன்னா, "டாக்டர், பேஷன்ட் இஸ் வெரி வீக் டுடே". அவரு சாப்பிடறாங்களான்னு கேட்டாரு, கொஞ்சம் சாப்பிட்டாங்கன்னேன். பிபியும் சுகரும் பாத்து எழுதி வைங்க, ரவுண்ட்ஸ்ல வந்து பாக்கறேன்னுட்டாரு. அவர் மேல தப்பில்ல. நான் சொன்ன வாக்கியத்துல அவருக்குக் கேட்டது ஒரு வயசான அம்மா அசதியா இருக்காங்கங்கறது மட்டும்தான்.

முப்பத்தஞ்சு நிமிஷம் போச்சு. சீனியர் சிஸ்டர் அந்தப் பக்கமா வந்தவங்க பாட்டி முகத்தைப் பாத்ததுமே நின்னுட்டாங்க, கண்ணை மூடச்சொல்லி ரெண்டு கையையும் முன்னால நீட்டச் சொன்னாங்க, வலது கை மெதுவா கீழ இறங்குச்சு. ஸ்ட்ரோக். ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி போடறதுக்கு ஆரம்பிச்ச நேரத்துலேர்ந்து பொதுவா நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதுலயும் ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கிட்டே இருக்கும். நல்லவேளை, ஸ்கேன் எடுத்து நேரத்துக்குள்ள ஊசி போட்டாங்க. ஆனா அந்தக் கை பழைய மாதிரி வரல. அந்த முப்பத்தஞ்சு நிமிஷத்தாலதானான்னு யாராலயும் சொல்ல முடியாது, நான் மட்டும் அதை மறக்கல.

நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "ஹர் ரைட் ஆர்ம் இஸ் வீக். ஷீ வாஸ் ஃபைன் அட் ப்ரேக்ஃபாஸ்ட்." அதே வீக்தான், அதே வார்த்தைதான், ஆனா வாக்கியத்தை எதை வெச்சு ஆரம்பிக்கறோம்ங்கறதுல எல்லாமே மாறிடுது பாருங்க. ஆளை வெச்சு ஆரம்பிச்சா பொதுவான அசதி, கையையோ காலையோ வெச்சு ஆரம்பிச்சா அது ஆபத்து, கேக்கறவங்க ஓடி வருவாங்க. வீட்ல இருந்து ஆம்புலன்ஸ் கூப்பிட 999க்கு போன் பண்ணாலும் இதேதான், முகம், கை, பேச்சு மூணுல எது போச்சு, கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க, இதை முதல்ல சொல்லணும்.

இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம் என்னன்னா, தமிழ்ல நமக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெளிவா இருக்கு. எங்க ஆச்சி ஒருநாளும் வீக்குன்னு சொன்னதில்ல. வேலை செஞ்சு களைச்சா அசதி, காய்ச்சல் விட்டப்புறம் தெம்பில்ல, எழுந்திரிக்கும்போது கிறுகிறுன்னு வருது, விழப்போற நேரத்துல கண்ணு இருட்டிட்டு வருது, வயசாகி ஒடுங்கிப்போனா தளந்துட்டாங்க, வாதம் வந்தா கை விளங்கல. ஆறு விஷயத்துக்கு ஆறு சொல். நாம அத்தனையையும் தூக்கிப்போட்டுட்டு எல்லாத்துக்கும் வீக்குன்னு ஒட்டிக்கிட்டோம், அப்புறம் இங்கிலீஷ்ல பேசும்போது பிரிக்கத் தெரியாம முழிக்கறோம்.

அதனால நான் சொல்லிக்கொடுக்கற பழக்கம் ஒண்ணே ஒண்ணு. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்க ஆச்சியா இருந்தா எந்த வார்த்தை சொல்லியிருப்பாங்கன்னு நினைங்க. அசதின்னா "டயர்ட்". தெம்பில்லன்னா "ஐ ஃபீல் வீக்". கிறுகிறுப்புன்னா "டிஸி", கண்ணு இருட்டுனா "ஐ ஃபீல் ஃபெய்ன்ட்", தளந்துட்டாங்கன்னா "ஃப்ரெயில்". கை விளங்கலன்னா கையைச் சொல்லுங்க, எந்தப் பக்கம்னு சொல்லுங்க, எப்பலேர்ந்துன்னு சொல்லுங்க.

"கிடி"

ஊர்ல தலைசுத்தலுக்கு இதைத்தான் சொல்வோம். இங்க பெரும்பாலும் குஷில துள்ளறதுக்குச் சொல்றாங்க. "டிஸி"ன்னே சொல்லுங்க.

"ஃபீபிள்"

டிக்‌ஷனரில வீக்குக்குப் பக்கத்துலயே போட்டிருப்பான், அதை நம்பி பேஷன்ட் முகத்துக்கு நேரா சொல்லிடாதீங்க. லத்தீன்ல அழுகைக்குரியதுங்கற அர்த்தத்துலேர்ந்து வந்த சொல் அது, இரங்கத்தக்க நிலைங்கற வாடை இன்னும் போகல. இந்த நாட்டுல 1913ல போட்ட மனவளர்ச்சி குன்றியவங்க பத்தின சட்டத்துலயே மனுஷங்களை வகைப்படுத்த இந்தச் சொல்லைச் சேத்து வெச்சிருந்தாங்க. வலுவில்லாத சாக்குப்போக்குக்குச் சொல்லலாம், ஆளுக்கு வேண்டாம்.

"ஃப்ரெயில்"

இது வயசானவங்களுக்கு மரியாதையான சொல்தான், ஆனா ஆஸ்பத்திரில வெறும் வர்ணனை இல்ல. 1லேர்ந்து 9 வரைக்கும் அளவுகோலே இருக்கு, கனடாக்காரங்க உருவாக்குனது. 1ன்னா நல்ல திடமா இருக்காங்க, 9ன்னா கடைசிக் காலத்துல இருக்காங்க. காய்ச்சல்ல படுத்திருக்கற முப்பது வயசுக்காரரை "ஃப்ரெயில்"னு எழுதுனா படிக்கறவங்க குழம்பிடுவாங்க. அதே மாதிரி கை கால் பலத்துக்கும் 0லேர்ந்து 5 வரைக்கும் தனி அளவு, 3ன்னா தானா தூக்க முடியும் ஆனா நாம லேசா அழுத்துனாலே தாங்காது. ரெண்டையும் கலந்துடாதீங்க.

பெட் சிக்ஸுக்கு அன்னைக்கே அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். பேஷன்ட்டை ரெண்டு கையையும் நீட்டச் சொன்னோம், ரெண்டும் அசையாம நின்னுச்சு, நல்லா சிரிச்சாரு, ராத்திரி தூங்கலையாம். அந்தப் பொண்ணு நோட்ல முதல்ல எழுதுனதை அடிச்சுட்டு "ஹீ ஈஸ் டயர்ட். ஹிஸ் ஆர்ம்ஸ் ஆர் ஸ்ட்ராங்"னு எழுதி, பக்கத்துல நேரத்தையும் போட்டுச்சு.