குளிரில் குண்டு தாழ்ந்தது, பவுடரை மாற்றினேன்
கனடாவின் ஆல்பர்ட்டாவில் மான் வேட்டை சூடுபிடிப்பது நவம்பரில். நானே வெடிமருந்துப் பவுடர் நிரப்பிச் செய்து, கோடையில் ரேஞ்சில் சுட்டுச் சரிபார்த்த .308 ரைஃபிள் தோட்டாக்கள், மைனஸ் 20 டிகிரியில் 300 கெஜத்தில் தாழ்வாக விழ ஆரம்பித்தன. ஸ்கோப், மவுண்ட் ஸ்க்ரூ எல்லாம் பார்த்தாயிற்று, குறையில்லை. குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் வைத்ததும் தெரிந்தது, வேகமே குறைந்திருக்கிறது. நான் போட்டிருந்தது உருண்டை மணி பவுடர். பவுடரை அளந்து கொட்டும் அளவைக் கருவியில் தண்ணீர் மாதிரி வழியும், ஆனால் அந்த வகையில் பலவும் குளிர், வெயிலுக்கு ஏற்ப மாறக்கூடியவை.

சரி என்று ஹாட்ஜ்டன் வார்கெட்டுக்கு மாறினேன். ஆஸ்திரேலியாவில் தயாரான குச்சி வடிவப் பவுடர், வெப்பநிலை மாறினாலும் வேகம் அதிகம் ஆடாது, 165 கிரெயின் (சுமார் 10.7 கிராம்) குண்டுக்கு எரியும் வேகமும் பொருத்தம். ஒரே தொல்லை, அளவைக் கருவியில் குச்சிகள் நறுக்கென்று வெட்டுப்பட்டு எடை முன்னே பின்னே ஆகும். அதனால் கொஞ்சம் குறைவாகப் போட்டு, மிச்சத்தை டிரிக்லர் என்ற சின்னக் கருவியில் மணி மணியாக உதிர்த்துத் தராசில் சரிசெய்கிறேன். பழைய பவுடரின் அளவை இதற்கு அப்படியே போடவே கூடாது. தோட்டா நிரப்பும் கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும், அழுத்தம் மிஞ்சுவதன் அடையாளமாகப் பிரைமர் (தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் மூடி) தட்டையாகிறதா, துப்பாக்கியின் போல்ட் திறக்க இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே. அடையாளம் எதுவும் தெரியாவிட்டாலும் கையேட்டின் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். அப்புறம் பனியில் மறுபடி சுட்டபோது, க்ரோனோகிராஃப் எண் கோடைக் கணக்கை ஒட்டியே வந்தது.