பேட்டரி முனையில் பூத்த பச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற சனிக்கிழமை காலை, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் ஓர் இளைஞர் காரின் முன்மூடியைத் திறந்துவைத்து, கெட்டிலில் கொண்டுவந்த கொதிநீரைப் பேட்டரி முனையில் ஊற்றிக்கொண்டிருந்தார். பச்சைப் பொடி கரைந்து ஓடியது. "சரியாகிவிட்டது, அண்ணே" என்றார். சரியாகவில்லை என்று எனக்குத் தெரியும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே நிம்மதியோடு முன்மூடியைச் சாத்தியவன்.

கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம் என்பதெல்லாம் பேட்டரியின் மேலேயே படம்போட்டு அச்சிடப்பட்டிருக்கிறது. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பொடியைத் துடைத்துவிட்டுக் கேபிளை மறப்பது

வெள்ளைப் பொடி, ஈயத்தை அமிலம் தின்றதால் வருவது. நீலப்பச்சைப் பொடி வேறு. அது மயில்துத்தம், அதாவது செம்பை அமிலம் தின்ற மிச்சம். பேட்டரியின் முனையோ ஈயம். அப்படியானால் செம்பு எங்கிருந்து வந்தது? கேபிளை முனையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு பித்தளையாக இருந்தால் அதிலிருந்து வந்திருக்கலாம். இல்லையென்றால் கேபிளுக்குள் இருக்கும் கம்பி இழைகளிலிருந்துதான். இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ஆளாளுக்குப் பொடியைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அப்போது என் காருக்கு ஒன்பது வயது. காலையில் சாவியைத் திருப்பினால் முனகும். பொடியைச் சுரண்டினேன்; இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. மறுபடியும் முனகியது. பேட்டரியை மாற்றினேன். ஐந்து மாதத்தில் பழைய கதை. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்றார்கள் ஒரு பணிமனையில், அதையும் மாற்றினேன். பிறகு இன்னொரு பேட்டரி. 700 வெள்ளிக்கு மேல் கரைந்தபிறகு காக்கி புக்கிட்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் எதையும் கழற்றவில்லை. வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் உலோகப் பகுதியிலும் வைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் செய்யுங்கள்" என்றார். 1.8 வோல்ட் காட்டியது. நல்ல கேபிளில் அது 0.2 வோல்ட்டை ஒட்டியே இருக்கும், 0.5-ஐத் தாண்டினால் கோளாறு நிச்சயம். பிறகு கேபிளின் கறுப்பு உறையைக் கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே செம்பைக் காணோம், பச்சை மாவுதான் இருந்தது. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளின் இடுக்கில் அமிலம் ஒரு சாண் தூரம் ஏறியிருந்தது.

ஸ்டார்ட்டர் சுழலும்போது 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கேபிளில் வெறும் 0.012 ஓம் தடை இருந்தாலே 1.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். ஆனால் விளக்கும் வானொலியும் சில ஆம்பியரில் வேலை செய்பவை. அவற்றில் எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் பழி எப்போதும் பேட்டரிமீது விழுகிறது. புதுப் பேட்டரி போட்டதும் குணமானதுபோலத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு: கிளாம்பைக் கழற்றி மாட்டுவதில் தொடர்பு சற்றுச் சீராகும், புதிதின் வலு சில மாதங்களுக்குக் குறையை மறைத்துவிடும்.

கிளாம்பை ஒட்டிய இடத்தில் கேபிளை வளைத்துப் பாருங்கள். விறைத்திருந்தாலோ, உப்பியிருந்தாலோ, விரலுக்கடியில் நறநறத்தாலோ மாற்றிவிடுங்கள். நுனியை மட்டும் வெட்டிப் புதுக் கிளாம்பு மாட்டலாமா என்றால், செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டிய பிறகும் நீளம் மிஞ்சினால் மட்டும் செய்யலாம். எனக்குப் புதுக் கேபிளுக்கு ஆன செலவு 40 வெள்ளி.

சனிக்கிழமை அந்தத் தம்பியின் கேபிளையும் அழுத்திப் பார்த்தேன். நறநறத்தது.

கொதிநீரை மட்டும் நம்புவது

வெந்நீர் பொடியைக் கரைக்கும், ஆனால் அமிலத்தை முறிக்காது. கரைந்தது பேட்டரி அமர்ந்திருக்கும் தட்டிலும் காரின் தகட்டிலும் இறங்கி அங்கே அரிக்கத் தொடங்கும். ஒரு குவளை நீரில் ஒரு பெரிய கரண்டி ஆப்ப சோடா போதும். தேக்காவில் எந்த மளிகைக்கடையிலும் கிடைக்கும். ஊற்றினால் நுரைக்கும். நுரை அடங்கும்வரை திரும்பத் திரும்ப ஊற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல நீரால் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். பேட்டரி மூடியின் துளைகள் வழியே சோடா உள்ளே போய்விடக்கூடாது. உள்ளிருக்கும் அமிலத்தையும் அது முறித்துவிடும்.

கழற்றும் வரிசை

கறுப்பு, அதாவது மைனஸ் கேபிள், முதலில் கழலும், கடைசியில் மாட்டப்படும்.

சுத்தியலால் தட்டி இறக்குவது

இங்கே ஓடும் ஜப்பானியக் கார்கள் பலவற்றில் பேட்டரி முனை ஒல்லியானது. பருமனான முனையுள்ள பேட்டரியை வாங்கிவந்தால் அந்தக் காரின் கிளாம்பு அதில் இறங்காது, உடனே தட்டுகிறார்கள். முனையைச் சுற்றியுள்ள அடைப்பு விரிந்து, அமிலம் மெல்லக் கசியும். சுத்தம் செய்த ஒரே மாதத்தில் அதே முனையில் பொடி திரும்ப வந்தால் முதலில் அந்த அடைப்பைப் பாருங்கள். அங்கே குறையில்லை என்றால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் வோல்ட் அளவைப் பாருங்கள். 14-ஐ ஒட்டி இருக்கவேண்டியது 15-ஐத் தாண்டினால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் மிகையாக ஏற்றிப் பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது.

கிளாம்புக்கு அடியில் கிரீஸ்

வேண்டாம். உலோகம் உலோகத்தைத் தொடட்டும். இறுக்கியபின் மேலே வாசலின் பூசுங்கள்.

பழைய பேட்டரி

புதியது வாங்கும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். நிறுத்துமிடத்துத் தூணோரம் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.